பத்து நிமிஷத்துக் கறுப்பு

அந்த அக்கா வலது கை வளையலைக் கழற்ற ஆரம்பித்தால் ஓடிவிட வேண்டும். பள்ளங்கியில் இருந்த அந்தக் கேரட் கழுவும் பட்டறையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அதுதான். நாலு கண்ணாடி வளையல், பச்சை நிறம். ஒவ்வொன்றாகக் கழற்றி, அலுங்காமல், அங்கிருந்த பழைய குண்டு மானிட்டரின் தலையில் வைப்பார். அடிக்கும்போது உடைந்து எதிராளி முகத்தில் குத்திவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். நாலாவது வளையல் மேலே போனதும் அடி விழும். அதற்குள் ஓடாதவன் ஒன்று புதியவன், இல்லாவிட்டால் அக்காவை ஏமாற்றிவிடலாம் என்று நம்புகிற முட்டாள்.

நான் புதியவன். கொடைக்கானல் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். லாட்ஜ் ரிசப்ஷன், பள்ளிக்கூட ஆபீஸ், ஜெராக்ஸ் கடை என்று மழையிலும் மின்னலிலும் எது செத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பட்டறையில் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை, காலை ஒன்பதுக்கு வா என்று போன் வந்தது. பதினொன்றரைக்குப் போய் இறங்கினேன். ஏன் இவ்வளவு சுணக்கம் என்று அக்கா கேட்டார். வழியில் மரம் விழுந்துவிட்டது என்றேன். என்ன மரம் என்றார். இப்படியும் ஒரு கேள்வி உண்டா என்று நினைத்தபடி, யூக்கலிப்டஸ் என்றேன். வளையல்கள் மேலே போவதைப் பார்த்து, ஏதோ வேலைக்குத் தயாராகிறார் என்று நின்றுகொண்டிருந்தேன். விழுந்த அறையில் என் ஸ்குரூடிரைவர் பை தனியாகப் போய் விழுந்தது.

"அந்த ரோட்டுல பூரா பைன் மரம்டா. பொய் சொல்றவன் மரத்தயாச்சும் பாத்துட்டு வரணும்" என்றார்.

பிறகு வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்று சொல்லப் போனவன் கன்னத்தைத் தடவிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ரெண்டு புரோட்டாவும் ஆம்லேட்டும் சாப்பிட்டேன், அதனால்தான் நேரமாகிவிட்டது என்றேன். அவர் சிரித்துவிட்டார். இதையே முதலில் சொல்லியிருந்தால் திட்டோடு போயிருக்கும் என்றார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அந்தப் பட்டறையில் அடிக்குப் பிறகு டீயும் பன்னும் வந்தன.

அவர் வைத்திருந்த சட்டம் அவ்வளவுதான். தப்புச் செய்தால் திட்டு, பொய் சொன்னால் அடி. ஐம்பது வயது, குள்ள உருவம், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்து, சின்னப் பிள்ளையில் அம்மா அப்பாவோடு இந்தப் பக்கம் வந்தவர். முதலாளி கீழே ஒட்டன்சத்திரத்தில் இருந்துகொண்டு போனில்தான் வேலை பார்ப்பார். இருபது பேரையும் மிஷினையும் கட்டி மேய்த்தது அக்காதான்.

ஒரு தடவை லாரி டிரைவர் ஒருவன் ரிவர்ஸ் எடுக்கும்போது பட்டறை நாயை ஏற்றிவிட்டான். இறங்கி வந்து, நாய் முன்னாடியே செத்துக் கிடந்தது என்றான். டயரில் ரத்தம் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. வளையல் கழன்றது. கேரட் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் இறக்கினார். நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம். மறு நிமிஷம் அதே அக்கா, சட்டையைக் கழற்றி அவன் தலையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த நாயின் குணநலன்களை அவனுக்குச் சொல்லிக்கொண்டே போனாராம். ஆறு தையல் போட்டார்கள். அந்த டிரைவர் அதற்குப் பிறகும் அந்தப் பட்டறைக்குத்தான் லாரி ஓட்டினான், அக்காவுக்குப் பழனியிலிருந்து வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்தான். இதை நான் இட்டுக்கட்டவில்லை.

காட்டுமாடுகள் கழிவுக் கேரட்டுக்காகப் பட்டப்பகலில் பட்டறை வாசலுக்கு வரும். அக்காவுக்கு அவற்றின் மேல் பெரிய மரியாதை. "மாடு முட்டணும்னா மொதல்ல தலையக் குனியும். இந்தா வாறேன்னு சொல்லிப்போட்டுத்தான் வரும். மனுசன்தான் சிரிச்சுக்கிட்டே குத்துறவன்" என்பார். வளையல் கழற்றுவதை அவர் எங்கிருந்து கற்றார் என்று எனக்கு அப்போது விளங்கியது. யாரோ கல் எறிந்து ஒரு காளை மிரண்டு, தகரத் தடுப்பைக் கொம்பால் கிழித்துப் போட்ட அன்று, கல் எறியவில்லை என்று சாதித்தவனுக்குக் காது இரண்டு நாள் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த கம்ப்யூட்டர் வந்து மாட்டியது.

மிஷின் எங்கிருந்தோ வாங்கிய பழைய சரக்கு. பெரிய இரும்பு உருளை, உள்ளே பற்கள், அதில் கேரட் உருண்டு மண் போய் வெளியே வரும். அதை ஓட்டுவது ஒரு கம்ப்யூட்டர். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக நாலு வரி இருக்கும். உருளை ஓடினால் ஓடுகிறது என்று ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அடுத்த லோடு கேரட்டுக்காக நிற்கிறது என்றால் 'வெயிட்' என்று வேறு ஒரு வார்த்தை. அந்த 'வெயிட்'தான் ஆபத்து. உருளை சத்தமில்லாமல் நிற்கும். கேரட் தொட்டி நிறைந்ததும் யாரும் தொடாமல் தானாகக் கிளம்பும். பட்டறையில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. அக்கா அவர்களுக்கு ஒரே எழுத்தைப் பழக்கி வைத்திருந்தார். முதல் எழுத்தில் டபிள்யூ மாதிரி ரெண்டு பள்ளம் இருந்தால் கையை வைக்காதே. அவ்வளவுதான் படிப்பு.

முன்பு ஒரு சிவப்பு விளக்கும் இருந்தது. ஈரம் இறங்கி அது நினைத்தபோது எரிந்தது, நினைத்தபோது அணைந்தது. ஒருநாள் அக்கா ஸ்பேனரால் அதை அடித்து நொறுக்கிவிட்டார். பொய் சொல்கிற விளக்கு எனக்கெதற்கு என்றாராம். முதலாளி வேறு வாங்கித் தருகிறேன் என்றார், தரவில்லை.

இனிமேல்தான் விஷயம். எழுத்து மட்டும் உள்ள அந்த மாதிரித் திரைக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. பத்து நிமிஷம் யாரும் கீபோர்டைத் தொடாவிட்டால் தானாகக் கறுத்துவிடும். அந்தக் காலத்து மானிட்டரில் ஒரே எழுத்து நாள்கணக்கில் நின்றால் கண்ணாடியில் தழும்பு விழும் என்று வைத்த ஏற்பாடு. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், முகம் மட்டும் செத்திருக்கும். ஏதாவது ஒரு பட்டனைத் தட்டினால் உடனே எழுத்து வந்துவிடும். ஆபீசில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

மலையில் அப்படி இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கரண்ட் போகும். பட்டறைக் கூரையில் வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் தகடு பதித்திருந்ததால் பகலில் பல்பு போடுவதில்லை. ஓடைத் தண்ணீர் குழாயில் தானாக இறங்கும், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே இரைச்சல். மானிட்டரின் மூலையில் மிளகு அளவு விளக்கு ஒன்று உண்டு, ஈரத்துக்குப் பயந்து போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் அது தெரியாது. கம்ப்யூட்டர் பெட்டிக்கு மட்டும் யுபிஎஸ் பேட்டரி இருந்தது, மானிட்டருக்கு இல்லை. ஆக, கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அங்கே எல்லோரும் திரையைத்தான் பார்ப்பார்கள். கறுப்பு என்றால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் உருளைக்குள் கைவிட்டு, சிக்கிய தழையையும் மண்ணையும் எடுக்கலாம். கரண்ட் திரும்புவதற்குள் வெரசாக எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

பேத்துப்பாறையிலிருந்து வந்துகொண்டிருந்த பாக்கியம் அப்படி ஒரு கெட்டிக்காரி. வழக்கமாக எடை பதிய யாராவது பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் பத்து நிமிஷம் யாரும் தட்டவில்லை, திரை கறுத்தது, கரண்ட் போச்சு என்று தோள்வரை உள்ளே விட்டாள். கரண்ட் போகவில்லை. தொட்டி நிறைகிற சமயம். பத்தடி தள்ளி நின்ற அக்கா பாய்ந்து வந்து அவள் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இழுத்த இழுப்பில் பாக்கியம் மல்லாக்க விழுந்து மண்டை தரையில் மோதியது. கொத்து முடி வேரோடு அக்கா கையில் இருந்தது. அதே விநாடி உருளை கிளம்பியது.

மறுநாள் நான் போனபோது பாக்கியம் தலையில் துணி கட்டிக்கொண்டு கேரட் பிரித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, முடிதானே போச்சு என்றாள். அக்காவின் பழைய கதை ஒன்றை எனக்குச் சொன்னவள் அவள்தான். கப்பலில் வந்து இறங்கி முகாமில் கிடந்தபோது, அக்காவின் ஒன்றரை வயதுத் தம்பிக்குக் காய்ச்சல். பிள்ளை போய்விட்டது. அழுதால் முகாமில் பிரச்சினை வரும் என்று பயந்து, தூங்குகிறான், எழுப்பாதே என்று சொல்லி ஆறு வயது அக்காவின் மடியில் கிடத்திவிட்டார்கள். ராத்திரி முழுக்க அசையாமல் வைத்திருந்தாராம். உண்மையா என்று தெரியாது. அக்காவிடம் கேட்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை.

என்னை வரச் சொன்னது திரைக்காகத்தான். இதை நிறுத்து என்றார் அக்கா. திரை கறுப்பது மானிட்டருக்கு நல்லது, கோளாறு இல்லை, ஒரு பட்டனைத் தட்டினால் வந்துவிடும் என்று நான் வியாக்கியானம் செய்தேன்.

"உசிரோட இருக்கறது செத்த மாதிரி கெடந்தா அது பொய்யிடா. வேற கதைக்காத. நிறுத்து" என்றார்.

நிறுத்துவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அந்த இடத்திலேயே ஒரு வரிக் கட்டளை அடிப்பது. கறுக்கும் நேரம் பூஜ்ஜியம் என்று சொன்னால் திரை கறுக்காது. ஆனால் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தால் அதை மறந்துவிட்டுப் பழையபடி பத்து நிமிஷத்தில் கறுக்கும். இரண்டாவது வழி, கம்ப்யூட்டர் எழும்போது படிக்கிற கோப்பில் அதை எழுதி வைப்பது. அது நிரந்தரம். ஆனால் எழுதிவிட்டு ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். கிழட்டு கம்ப்யூட்டர். அணைத்தால் எழுமோ எழாதோ என்று எனக்குப் பயம். எழாவிட்டால் அன்று முழுக்க அங்கேதான், அக்கா பக்கத்தில். கொடைக்கானலில் இன்னும் இரண்டு லாட்ஜ் எனக்காகக் காத்திருந்தது.

முதல் வழியை அடித்தேன். அக்கா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பத்து நிமிஷம் திரையை முறைத்துப் பார்த்தார். யாரையும் கீபோர்டுப் பக்கம் விடவில்லை. அது அவருடைய வழக்கம், எந்த ரிப்பேர் முடிந்தாலும் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆளை விடுவார். பத்து நிமிஷம் போய்ப் பதினைந்தாயிற்று. எழுத்து அப்படியே நின்றது. எழுந்திரிக்கும்போது கேட்டார்.

"கரண்டு போயிட்டு வந்தாலும் இது நிக்குமா?"

"நிக்கும்க்கா."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நான் பையை மூடிக்கொண்டிருந்தேன். வளையலுக்குக் கை போகவில்லை. என்னை நம்பிவிட்டார். அடுத்த வாரம் வந்து ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம், அதுவரை யுபிஎஸ் பேட்டரி தாங்கும் என்று ஜீப்பில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் வேறு சோலி வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள். காலையிலிருந்தே கரண்ட் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் அணைந்து, தானாக எழுந்து, நான் அடித்த வரியை மறந்து, மறுபடி வேலையை ஆரம்பித்திருக்கிறது. பத்து நிமிஷம் கழித்துத் திரை கறுத்தது. அக்கா வாசலில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவனைத் திட்டிக்கொண்டிருந்தார். பாக்கியம் பார்த்தாள். திரை கறுப்பு, உருளை சும்மா நிற்கிறது. அக்காதான் அதைச் சரிசெய்ய வைத்துவிட்டாரே, இனிமேல் கறுத்தால் கரண்ட் போனதாகத்தான் அர்த்தம் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு இருக்கிறது. என் வேலையை நம்பித்தான் கையை விட்டாள்.

உருளை மூன்று சுற்றுச் சுற்றியது என்றார்கள். அலறல் கேட்டு அக்கா ஓடி வந்து, மிஷினை நிறுத்தக் கீபோர்டில் ஓங்கிக் குத்தினார். மிஷின் நின்றது. கூடவே திரையும் பளிச்சென்று எழுந்துவிட்டது. அடுத்து ஓடி வந்த அத்தனை பேரும் கண்டது எரிகிற திரையைத்தான். உருளையைக் கடப்பாரையால் நெம்பி, அக்காதான் பாக்கியத்தை வெளியே எடுத்தார். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இருந்ததைக் கை என்று சொல்ல முடியாது. அக்கா தன் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டி, மடியில் போட்டுக்கொண்டு மதுரை வரைக்கும் ஆம்புலன்ஸில் போனார். வழியெல்லாம் பாக்கியம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாளாம். ஸ்கிரீனு கறுப்பா இருந்துச்சுக்கா.

மறுநாள் காலை முதலாளியே பட்டறைக்கு வந்து, எனக்குப் போன் செய்து வரச் சொன்னார். உள்ளே, மானிட்டர் பக்கத்தில், பாக்கியத்தின் அண்ணனும் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். அண்ணன் கையில் மண்வெட்டிக் காம்பு. யாரால் என் தங்கச்சி கை போச்சு என்பதுதான் அவன் கேள்வி. முதலாளி சுற்றி வளைக்கவில்லை. திரை எரிந்துகொண்டுதான் இருந்தது, இருபது பேர் பார்த்திருக்கிறார்கள், பாக்கியம் தூக்கக் கலக்கத்தில் கையை விட்டிருக்கிறாள், மேற்பார்வை பார்க்க வேண்டிய இந்த அம்மா வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது என்றார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று ஒரு பழமொழியும் சொன்னார்.

அக்கா மதுரையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டையில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

"பாக்கியம் பொய் சொல்லாது. எங்கிட்ட ஒரு நாளும் அடி வாங்காத ஒரே ஆளு அதுதான்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிக் கேட்டார்.

"ஏலே, கரண்டு போய் வந்தாலும் நிக்கும்னியே. நின்னுச்சா?"

மண்வெட்டிக் காம்பு எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் ஸ்குரூடிரைவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"நின்னுருக்கும்க்கா. கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்ல" என்றேன்.

அக்கா வளையலைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பட்டறை ஆட்களுக்கு அது யாருக்கென்று தெரியும். எனக்கும் தெரியும். பாக்கியத்தின் அண்ணனுக்குத் தெரியாது. அந்தக் கை வளையலைக் கழற்றினால் என்ன வரும் என்று மட்டும் தங்கச்சி சொல்லிக் கேட்டிருக்கிறான். தன்னைத்தான் அடிக்கப் போகிறாள் என்று நினைத்துவிட்டான். மூன்றாவது வளையல் மானிட்டர் மேல் போனபோது காம்பை ஓங்கினான்.

முதல் அடி வலது தோளில். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி முதுகில். விழுந்த பிறகு இரண்டு பேர் மிதித்தார்கள். நாலாவது வளையல் கையிலேயே இருந்து உடைந்து மணிக்கட்டில் ஏறியது. அக்கா திருப்பி அடிக்கவில்லை, கத்தவில்லை. விழுந்து கிடந்த இடத்திலிருந்தும் என்னைத்தான் பார்த்தார். நான் சொன்னது பொய், திரை கறுத்துத்தான் இருந்திருக்கும், அந்த அடி எனக்குரியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சுவரோடு ஒட்டி நின்றேன்.

எல்லாரும் போன பிறகு மிஷினைச் சரிபார்க்கும்படி முதலாளி சொன்னார். உட்கார்ந்து அந்தக் கோப்பைத் திறந்து, எழும்போதே படிக்கும்படி அந்த ஒரு வரியை எழுதினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகினேன். கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்தது. நான் அவ்வளவு பயந்த காரியம் மொத்தம் இரண்டு நிமிஷம். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தேன். திரை கறுக்கவில்லை. மேலே மூன்று பச்சை வளையல் இருந்தன. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. நான் தொழிலை விடவில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் அப்படி ஒரு திரை இருந்தால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் முதலில் அதைச் செய்துவிட்டு, அணைத்துப் போட்டுப் பத்து நிமிஷம் உட்காருவேன். ரொம்பப் பொறுப்பான ஆள் என்று பேர் வாங்கினேன்.

ஆறு வருஷம் கழித்து, வெற்றிலை வாங்கி வரும் அந்த லாரி டிரைவர்தான் அக்காவின் விலாசம் சொன்னான். பழனி அடிவாரத்தில் மகள் வீட்டில் இருந்தார். மகள் பஞ்சாமிர்தக் கடையில் வேலை. அக்கா தரையில் உட்கார்ந்து இடது கையால் டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது, தோளுக்கு மேல் எழும்பாது. என்னை அடையாளம் கண்டதும் சாப்பிட்டியா என்றார்.

மூன்று வளையலையும் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வழி இருந்ததை, சோம்பலில் ஒன்றைச் செய்ததை, நிக்கும் என்றதை, நின்னுருக்கும் என்றதை. அவர் லேபிள் ஒட்டுவதை நிறுத்தவில்லை. கையிலிருந்த டப்பாவை முடித்து அடுக்கினார். பிறகு இடது கையில் கிடந்த ஒற்றை வளையலை, முழங்காலில் வைத்து அழுத்தி, மெள்ள மெள்ளக் கழற்றினார். அதற்கு வலது கை உதவவில்லை. ரொம்ப நேரம் ஆயிற்று. நான் ஓடவில்லை. முகத்தை முன்னால் நீட்டிக் கொடுத்தேன்.

பழக்கமில்லாத கை, அறை பாதி காதில் விழுந்தது.

"இது எங்கிட்ட பொய் சொன்னதுக்கு. பாக்கியத்துக்கு உள்ளத அதுகிட்டப் போயி வாங்கிக்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பிப் பேத்துப்பாறைக்குப் போனேன். பாக்கியம் வாசலில் உட்கார்ந்து, பூண்டைக் கால் விரல்களுக்கிடையில் இடுக்கி, இடது கையால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் கோழிக்கூண்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். நான் யாரென்று சொல்லி, நின்றபடியே அந்தக் கதையைச் சொன்னேன். பாதியிலேயே ஆணி அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அக்கா வளையல் கழற்றியது உன்னை அடிக்க அல்ல, என்னை அடிக்க என்று நான் சொன்னபோது அவன் எழுந்து வந்தான். அவனிடம் கழற்றி வைக்க ஒன்றும் இல்லை. முதல் குத்தில் பல் ஒன்று போனது. கீழே விழுந்ததும் விலாவில் மிதித்தான். மிதிக்கும்போது அவன்தான் அழுதுகொண்டிருந்தான். அந்தப் பொம்பளைய நான் அடிச்சேனேடா என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பாக்கியம் அவனை அதட்டி உட்காரவைத்தாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வாய் கொப்பளிக்க இடது கையால் ஊற்றினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனுக்கும் காதில் விழும்படி கேட்டாள்.

"ஆறு வருசமா இவுங்க எல்லாரும் நான் தூங்கி வழிஞ்சு கைய விட்டேன்னுதான் சொல்றாங்க. எனக்கே அப்படித்தான் தோணிப்போச்சு. அப்ப, ஸ்கிரீனு கறுப்பாத்தான் இருந்துச்சா?"

கறுப்பாகத்தான் இருந்தது என்றேன். வாயில் ரத்தம் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை போல. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.